ஒரு டப்பா கிரீஸ், மூன்று கேள்விகள்: டிராக்டர் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

ஒட்டன்சத்திரம் காந்தி காய்கறி மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிக்கொண்டு ஒரு டிராக்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கள்ளிமந்தையம் தாண்டியதும் முன் சக்கரத்தில் கரகரவென்று ஒரு சத்தம். "இன்னும் கொஞ்ச தூரம்தானே, போயிடலாம்" என்று டிரைவர் ஓட்டுகிறார். சிறிது நேரத்தில் சக்கரம் ஆட ஆரம்பிக்கிறது. இறங்கிப் பார்த்தால் ஹப் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கிறது. வண்டி ரோட்டோரத்தில் நிற்கிறது. கேரளாவுக்குப் போகிற லாரிகளில் சரக்கு ஏற்றும் நேரம் தவறினால் அன்றைய விலை போச்சு. தக்காளி அடுத்த நாள் வரை காத்திருக்காது.

மெக்கானிக் வந்து ஹப்பைக் கழற்றுகிறார். பேரிங் நீலம் பாய்ந்து கருகியிருக்கிறது. கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்மண் கலந்த பசை.

"என்னங்க தம்பி, போன வாரம்தானே கிரீஸ் அடிச்சேன்?"

"அடிச்சீங்கண்ணே, சரிதான். என்ன கிரீஸ் அடிச்சீங்க? நிப்பிளைத் துடைச்சுட்டு அடிச்சீங்களா?"

இந்தக் கட்டுரை அந்த இரண்டு கேள்விகளைப் பற்றியதுதான். கிரீஸ் அடிக்காததால் கெட்டுப்போகிற இயந்திரங்கள் உண்டு. அடித்தும் கெட்டுப்போகிறவையும் உண்டு. இரண்டாவது வகையைத் தவிர்க்கப் புதிதாகச் செலவு எதுவும் வேண்டாம். டப்பாவில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

கிரீஸ் என்றால் என்ன? எண்ணெய் போதாதா?

மாட்டு வண்டி ஓட்டிய வீடுகளில் பெரியவர்களைக் கேட்டால் 'வண்டி மை' பற்றிச் சொல்வார்கள். வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்து அச்சில் தடவுவார்கள். வெறும் எண்ணெய் வழிந்துவிடும். கரி சேர்த்தால் அச்சிலேயே ஒட்டி நிற்கும். இன்றைய கிரீஸின் அடிப்படையும் அதுதான்.

கிரீஸில் பெரும்பகுதி எண்ணெய். அந்த எண்ணெயைப் பஞ்சு போலப் பிடித்து வைத்திருக்க ஒரு கெட்டிப்பொருள் இருக்கும். பெரும்பாலும் அது ஒருவகை சோப்பு. குளிக்கிற சோப்பு இல்லை. லித்தியம், கால்சியம் போன்ற உலோகங்களைக் கொழுப்பு அமிலத்தோடு சேர்த்துச் செய்கிற சோப்பு. இவற்றோடு துரு, தேய்மானம் ஆகியவற்றைத் தடுக்கும் வேதிப்பொருள்கள் கொஞ்சம் சேரும். சக்கரம் சுழலும்போது சோப்பு தன்னிடம் உள்ள எண்ணெயைச் சிறிது சிறிதாக விடுகிறது. உண்மையில் உராய்வைக் குறைப்பது அந்த எண்ணெய்தான்.

எண்ணெய் நிற்காத இடத்தில் கிரீஸ் நிற்கும். தூசியும் தண்ணீரும் உள்ளே போகாமல் அடைப்பாகவும் இருக்கும். ஒட்டன்சத்திரம், இடையகோட்டை பக்கத்துச் செம்மண் காட்டில் உழுகிற டிராக்டருக்கு இந்த இரண்டாவது வேலை மிகவும் முக்கியம்.

டப்பாவில் பார்க்க வேண்டிய மூன்று விஷயங்கள்

1. எண்: எவ்வளவு கெட்டி?

டப்பாவின் மேல் எம்.பி.3, ஏ.பி.3, ஈ.பி.2 என்று எழுதியிருக்கும். எம்.பி.3 என்றால் பாட்டு கேட்கிற சமாசாரம் இல்லை! முன்னால் இருக்கும் எழுத்துகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறலாம். கடைசியில் இருக்கும் எண் உலகம் முழுக்க ஒன்றுதான். அமெரிக்காவில் 1933-ல் தொடங்கப்பட்ட தேசிய மசகு கிரீஸ் நிறுவனம் (என்.எல்.ஜி.ஐ.) வகுத்த தர எண் அது. 000-ல் தொடங்கி 00, 0, 1, 2 என்று 6 வரை போகும். எண் கூடக் கூட கெட்டித்தன்மை கூடும்.

எப்படி அளக்கிறார்கள்? 25 டிகிரி செல்சியஸில் வைத்த கிரீஸின் மேல் ஒரு உலோகக் கூம்பை விடுவார்கள். 5 நொடியில் அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்ப்பார்கள். 26.5 முதல் 29.5 மில்லிமீட்டர் வரை இறங்கினால் எண் 2. 22 முதல் 25 மில்லிமீட்டர் வரை என்றால் எண் 3.

வீட்டுச் சாமான் கணக்கில் சொன்னால், 000 சமையல் எண்ணெய் போல ஓடும். 0 கெட்டித் தயிர் மாதிரி. 2 வெண்ணெய் மாதிரி. 3 அதைவிடக் கொஞ்சம் இறுக்கம், வனஸ்பதி போல. 6 கிட்டத்தட்ட சோப்புக் கட்டி. நம்ம டிராக்டர் வேலைக்குப் பெரும்பாலும் 2-ம் 3-ம்தான்.

2-ஆம் எண் கிரீஸ் கன்னில் சுலபமாக ஏறும்; சின்ன துவாரங்களுக்குள்ளும் போகும். 3-ஆம் எண் சக்கர ஹப் போன்ற இடத்தில் கையால் நிரப்ப வசதி. சுழலும்போது வழியாமல் நிற்கும். கொடைக்கானல் மேல்மலை மாதிரி குளிர் அதிகமுள்ள இடங்களில் காலை நேரத்தில் 3-ஆம் எண் இறுகிப்போய் கன்னில் ஏறாமல் படுத்தும். அங்கே 2 வசதியானது.

2. சோப்பு வகை: சூடும் தண்ணீரும் தாங்குமா?

டப்பாவின் பின்பக்கம் சின்ன எழுத்தில் 'லித்தியம்', 'கால்சியம்', 'லித்தியம் காம்ப்ளெக்ஸ்' என்று இருக்கும்.

சாதாரண கால்சியம் கிரீஸ் தண்ணீரை நன்றாகத் தாங்கும். சூடு மட்டும் ஆகாது. ஏறக்குறைய 60 டிகிரி வரைதான் நம்பலாம். 100 டிகிரியை நெருங்கினால் உருகிச் சொட்டிவிடும். சேற்றில் கிடக்கும், மெதுவாக அசையும் பின்களுக்கு அது போதும். வேகமாகச் சுழலும் பேரிங்குக்கு ஆகாது.

லித்தியம் கிரீஸ் தண்ணீரையும் ஓரளவு தாங்கும், சூட்டையும் தாங்கும். ஏறக்குறைய 120 டிகிரி வரை தொடர்ந்து வேலை செய்யும். சொட்டும் நிலை 180 டிகிரிக்குப் பக்கத்தில். டிராக்டருக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவது இதுதான். லித்தியம் காம்ப்ளெக்ஸ் இதைவிடக் கூடுதல் சூடு தாங்கும், விலையும் கூடுதல்.

சோடியம் கிரீஸ் என்று பழைய வகை ஒன்று உண்டு. தண்ணீர் பட்டால் கரைந்துபோகும். வயல் வேலைக்கு அது வேண்டவே வேண்டாம்.

3. ஈ.பி.: சுமை தாங்குமா?

'ஈ.பி.' என்றால் மிகை அழுத்தம் தாங்கும் சேர்மானம் உள்ளது என்று பொருள். கிங் பின், முன் அச்சின் சென்டர் பின், கிராஸ் போன்ற இடங்களில் மொத்தச் சுமையும் ஒரு சின்னப் பரப்பில் விழும். அப்போது எண்ணெய்ப் படலம் நசுங்கி, இரும்பும் இரும்பும் உரசும். ஈ.பி. சேர்மானம் அந்த நேரத்தில் உலோகத்தின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கும்.

சில டப்பாக்களில் 'மாலிப்டினம்' அல்லது 'மாலி' என்று இருக்கும். கருஞ்சாம்பல் நிறத்தில் இருக்கும் இந்த வகை, மெதுவாக அசையும் கனமான பின்களுக்கு நல்லது. வேகமாகச் சுழலும் பேரிங்குக்கு, கையேட்டில் சொல்லியிருந்தால் தவிரப் போட வேண்டாம்.

நிறத்தைப் பார்த்து வாங்காதீங்க

"நம்ம வண்டிக்கு எப்பவும் சிவப்புதான்", "நீலம்தான் நல்ல கிரீஸ்" என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பெரும்பாலும் அது நிறுவனம் அடையாளத்துக்காகச் சேர்க்கும் சாயம்தான். ஒரு நிறுவனத்தின் சிவப்பு லித்தியமாக இருக்கும். இன்னொரு நிறுவனத்தின் சிவப்பு வேறு சோப்பாக இருக்கும். நிறத்தை வைத்துத் தரத்தைச் சொல்ல முடியாது.

அதேபோல் இரண்டு வகைகளைக் கலக்கவும் கூடாது. லித்தியம் கிரீஸும் களிமண் வகை (பென்டோனைட்) கிரீஸும் சேர்ந்தால் பெரும்பாலும் ஒத்துப்போகாது. பாலியூரியா வகையும் அப்படித்தான். தனித்தனியாக இரண்டும் நல்ல சரக்காக இருக்கும்; சேர்ந்தால் இளகி, எண்ணெய் பிரிந்து வழிந்துவிடும். கதையின் தொடக்கத்தில் வந்த ஹப் மாதிரி, 'கிரீஸ் அடிச்சேன், ஆனா உள்ளே இல்லை' என்ற நிலை இப்படியும் வரும்.

வகையை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், ஹப்பைக் கழற்றிப் பழையதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதியதை நிரப்புங்கள். நிப்பிள் உள்ள பின்களில், பழைய கிரீஸ் முழுக்க வெளியே வந்து புதியது தெரியும்வரை அடியுங்கள்.

மூன்று கேள்விகள்

இவ்வளவையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கடைக்குப் போகும் முன், கிரீஸ் போடப்போகும் இடத்தைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுமை எவ்வளவு? வேகம் எவ்வளவு? தண்ணீர், சேறு படுமா?

சுமை அதிகம், வேகம் குறைவு என்றால் ஈ.பி.2. சுமையும் வேகமும் நடுத்தரம் என்றால் (சக்கர ஹப்) லித்தியம் 3, அல்லது கையேட்டில் சொன்னது. வேகம் அதிகம் என்றால் லித்தியம் 2, அளவோடு. பழநி பக்கம் நெல் வயலில் சேற்று உழவு ஓட்டுகிறவர்கள், தண்ணீர் தாங்கும் தன்மை டப்பாவில் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வகையை மாற்றுவதைவிட, அடிக்கும் இடைவெளியைக் குறைப்பது இன்னும் பலன் தரும்.

இடம் வாரியாக:

• முன் சக்கர ஹப்: லித்தியம் 3 (சில கம்பெனி வண்டிகளுக்கு 2). ஹப்பில் உள்ள காலியிடத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை போதும்.
• கிங் பின், சென்டர் பின், டை ராட் முனைகள்: லித்தியம் ஈ.பி.2.
• கிளட்ச், பிரேக் பெடல் ஷாஃப்ட்: லித்தியம் 2. ஒன்றிரண்டு அடி போதும். பிரேக் லைனிங்கிலும் கிளட்ச் பிளேட்டிலும் கிரீஸ் படவே கூடாது.
• பின்பக்க லிஃப்ட் ராட், லெவலிங் பாக்ஸ்: ஈ.பி.2.
• ரோட்டவேட்டரின் பி.டி.ஓ. ஷாஃப்ட் கிராஸ்: ஈ.பி.2.
• சட்டிக் கலப்பையின் ஹப்: ஈ.பி.2 அல்லது 3. மண்ணோடு நேரடியாக மோதும் இடம், அடிக்கடி கவனிக்க வேண்டும்.
• மக்காச்சோளம் அடிக்கும் மிஷினின் பேரிங்: லித்தியம் 2, குறைந்த அளவில்.
• ரோட்டவேட்டர் கியர் பாக்ஸ், பவர் வீடர் கியர் பாக்ஸ்: பொதுவாக இங்கே கியர் ஆயில்தான். கிரீஸை அடைக்காதீர்கள்.
• இருபக்கமும் மூடிய பேரிங், நீர்மூழ்கி மோட்டார்: கிரீஸ் அடிக்கும் வேலையே இல்லை.

உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். கையேடு தொலைந்துபோச்சா? பல டிராக்டர் நிறுவனங்களின் இணையதளத்தில் கிடைக்கும். டீலரிடமும் கேட்டு வாங்கலாம். கிடைத்ததும் 'கிரீஸ் இடங்கள்' என்ற பக்கத்தை மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது அடிப்பது?

தேதியை வைத்து அல்ல, ஓடிய மணிநேரத்தை வைத்துக் கணக்குப் போட வேண்டும். டாஷ்போர்டில் உள்ள மணி மீட்டரைப் பாருங்கள்.

வழக்கமாக, முன் அச்சுப் பின்களுக்கும் லிஃப்ட் இணைப்புகளுக்கும் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று கையேடுகள் சொல்லும். தூசியிலோ சேற்றிலோ ஓடினால் 10 மணி நேரத்துக்கு ஒருமுறை, அதாவது கிட்டத்தட்ட தினமும். ரோட்டவேட்டரின் கிராஸுக்கு 8 மணி நேர வேலைக்கு ஒருமுறை. காலையில் வேலை தொடங்கும் முன் அடித்துவிட்டால் மறக்காது.

சேற்று உழவு முடித்ததும் அன்று மாலையே அடியுங்கள். உள்ளே புகுந்த தண்ணீரையும் மண்ணையும் புதிய கிரீஸ் வெளியே தள்ளும். சர்வீஸ் ஸ்டேஷனில் பிரஷர் தண்ணீர் அடித்துக் கழுவிய பிறகும் இதே கதைதான். கழுவிவிட்டு அப்படியே நிறுத்தினால், இரவோடு இரவாக உள்ளே துரு பிடிக்கத் தொடங்கும்.

மொபைலில் வாரம் ஒருமுறை அலாரம் வையுங்கள். மீட்டரில் உள்ள மணியை ஒரு போட்டோ எடுங்கள். அடுத்த முறை எப்போது என்று அந்தப் போட்டோவே சொல்லும். தனி செயலி எதுவும் தேவையில்லை.

எப்படி அடிப்பது?

1. இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, ஹேண்ட் பிரேக் போடுங்கள். ரோட்டவேட்டரைத் தரையில் இறக்கி வையுங்கள்.
2. நிப்பிளைத் துணியால் துடையுங்கள். கன்னின் முனையையும் துடையுங்கள். துடைக்காமல் அடித்தால், நிப்பிள் மேல் இருக்கும் மண்ணை நாமே பேரிங்குக்குள் தள்ளுகிறோம். செம்மண்ணில் இருக்கும் நுண்மணல், கிரீஸோடு சேர்ந்தால் உப்புத்தாள் மாதிரி தேய்த்துவிடும்.
3. கன்னை நேராகப் பிடித்து அழுத்துங்கள். நிப்பிளைச் சுற்றி கிரீஸ் வழிந்தால், அது உள்ளே போகவில்லை என்று அர்த்தம். நிப்பிள் அடைத்திருந்தால் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். இல்லையென்றால் புதிதாக மாற்றுங்கள். நிப்பிள் விலை குறைவு, பின் விலை கூட.
4. பின்களில், ஓரத்தில் புதிய கிரீஸ் எட்டிப்பார்க்கும்வரை அடியுங்கள். ரப்பர் சீல் உள்ள பேரிங்கில் ஒன்றிரண்டு அடி மட்டும். இறுக்கம் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். பலம் போட்டு அழுத்தினால் சீல் பிதுங்கிவிடும்.
5. கிராஸில் நான்கு தொப்பிகளிலும் கிரீஸ் எட்டிப்பார்க்கிறதா என்று கவனியுங்கள். மூன்றில் வந்து ஒன்றில் வரவில்லை என்றால், அந்த நான்காவது காய்ந்து கிடக்கிறது. அந்தப் பக்கம்தான் முதலில் உடையும். ஷாஃப்டைக் கொஞ்சம் அசைத்து, திருப்பி, மறுபடி அடித்துப் பாருங்கள். அப்படியும் வரவில்லை என்றால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.
6. கிங் பின்னில் கிரீஸ் ஏறவில்லையா? வண்டியின் எடை அழுத்திக்கொண்டிருப்பதால் வழி அடைபட்டிருக்கலாம். சமதரையில், பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, கீழே உறுதியான முட்டுக் கொடுத்துவிட்டு அடியுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.
7. வெளியே வழிந்த பழைய கிரீஸைத் துடைத்துவிடுங்கள். அது தூசியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

கூடினாலும் கெடுதல்

"ரெண்டு அடி சேர்த்து அடிச்சா நல்லதுதானே?" என்று தோன்றும். பின்களுக்குப் பெரிதாகப் பாதகம் இல்லை. வேகமாகச் சுழலும் பேரிங்கில் அது தப்பு. உள்ளே இடமில்லாமல் கிரீஸ் தன்னைத் தானே கடைந்து சூடாகும். சூட்டில் எண்ணெய் பிரியும், சீல் பிதுங்கும். பயந்து பயந்து கூடுதலாக அடித்த பேரிங்கே முதலில் போய்விடும்.

அளவுக்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. பேரிங்கின் வெளிவிட்டத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் எடுத்துப் பெருக்கி, அதை 0.005-ஆல் பெருக்குங்கள். வருவது கிராம் கணக்கு. உதாரணமாக 90 மி.மீ. விட்டம், 23 மி.மீ. அகலம் உள்ள பேரிங்குக்கு மறுபடி கிரீஸ் அடிக்க 10 கிராம் போதும்.

உங்கள் கன் ஒரு அடிக்கு எத்தனை கிராம் தள்ளும்? நம்ம ஊரில் தராசுக்கா பஞ்சம்! ஒரு காகிதத்தில் 20 அடி அடித்து, காய் நிறுக்கும் எலெக்ட்ரானிக் தராசில் வைத்துப் பாருங்கள். வந்த எடையை 20-ஆல் வகுத்தால் ஒரு அடியின் கணக்கு கிடைக்கும். கையால் அடிக்கும் கன் பலவற்றில் அது 1 கிராம் பக்கம் வரும். அப்படியென்றால் மேலே சொன்ன பேரிங்குக்கு 10 அடி. அந்த எண்ணை பெயின்ட்டில் பேரிங் பக்கத்திலேயே எழுதி வைத்துவிடலாம்.

உயிருக்கு உலை வைக்கும் இரண்டு தவறுகள்

முதலாவது, பி.டி.ஓ. ஷாஃப்ட் சுழலும்போது பக்கத்தில் போவது. நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் நொடிக்கு 9 சுற்று. 7 செ.மீ. விட்டமுள்ள ஷாஃப்ட் ஒரு நொடியில் சுமார் 2 மீட்டர் துணியைச் சுருட்டிவிடும். தோளில் கிடக்கும் துண்டோ, வேட்டி நுனியோ, சேலை முந்தானையோ, தொங்கும் கூந்தலோ மாட்டினால் கத்துவதற்குக்கூட நேரம் இருக்காது. "வண்டி ஓடட்டும், கிராஸ் திரும்பும்போது அடிச்சா நல்லா ஏறும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஷாஃப்ட் மேல் உள்ள பிளாஸ்டிக் உறையைக் கழற்றி எறிந்திருந்தால், திரும்ப வாங்கி மாட்டுங்கள்.

இரண்டாவது, கிரீஸ் கன்னின் அழுத்தம். லாரி டயரில் காற்று 100 பவுண்டு அளவில் இருக்கும். கையால் அடிக்கும் கன்னிலேயே அழுத்தம் ஆயிரக்கணக்கான பவுண்டுக்கு ஏறும். கன்னின் ஹோஸில் சின்ன வெடிப்பு இருந்து, அதன் வழியே பீய்ச்சும் கிரீஸ் விரலில் பட்டால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே பார்க்க முள் குத்தியது போலத்தான் இருக்கும், வலியும் ஆரம்பத்தில் அதிகம் இருக்காது. உள்ளே சதை அழுக ஆரம்பித்து, விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். "சின்னக் காயம்தானே" என்று மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு இருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்; 108-ஐ அழையுங்கள். கிரீஸ் உள்ளே ஏறியிருக்கிறது என்பதை டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள், முடிந்தால் டப்பாவையும் காட்டுங்கள். ஹோஸில் ஒழுகும் இடத்தைக் கையால் பொத்திப் பார்க்கவே கூடாது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

எந்த நிறுவனத்தின் கிரீஸ் நல்லது என்று இங்கே சொல்லப் போவதில்லை. ஆனால் எந்த டப்பாவை வாங்கக் கூடாது என்று சொல்லலாம். சில்லறையாக அள்ளி பிளாஸ்டிக் பையில் தரும் கிரீஸ் வேண்டாம். அது எந்த எண், எந்த சோப்பு, எத்தனை நாள் திறந்து கிடந்தது என்று யாருக்கும் தெரியாது.

பொட்டலப் பொருள்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகளின்படி, தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர எடை, தயாரித்த மாதம், ஆண்டு, அதிகபட்ச சில்லறை விலை, நுகர்வோர் தொடர்பு எண் ஆகியவை டப்பாவில் இருக்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால், அதன் கீழ் உள்ள உரிம எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டு உண்மைதானா என்று பார்க்கலாம். மூடியின் சீல் உடைந்திருந்தால் வாங்காதீர்கள். பில் கேட்டு வாங்குங்கள்.

போலி என்று சந்தேகம் வந்தாலோ, அதிகபட்ச விலைக்கு மேல் கேட்டாலோ, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். தமிழிலும் பேசலாம். தரமற்ற பொருளால் பெரிய இழப்பு ஏற்பட்டிருந்தால், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. இதற்கெல்லாம் பில்லும் டப்பாவின் போட்டோவும் கையில் இருக்க வேண்டும். அதனால் புது டப்பா திறக்கும் முன் நான்கு பக்கமும் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.

அரசு சேவைகள்: யாரிடம் கேட்பது?

வேளாண்மைப் பொறியியல் துறை: ஒவ்வொரு மாவட்டத்திலும் செயற்பொறியாளர் அலுவலகமும், உபகோட்ட அளவில் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகமும் உள்ளன. வேளாண் இயந்திரங்களைப் பராமரிப்பது குறித்த முகாம்களைத் துறை நடத்துகிறது. உங்கள் பகுதியில் அடுத்த முகாம் எப்போது என்று அலுவலகத்தில் கேளுங்கள். உங்கள் கிரீஸ் கன்னையே எடுத்துக்கொண்டு போனால் நேரில் கற்றுக்கொள்ளலாம்.

உழவன் செயலி: சொந்த வண்டி பழுதாகி நிற்கும்போது, துறையின் டிராக்டரையும் கருவிகளையும் வாடகைக்கு முன்பதிவு செய்ய இந்தச் செயலியில் வசதி உண்டு. இயந்திரங்கள் வாங்குவதற்கான மானியத் திட்ட விவரங்களும் இதில் கிடைக்கும். வாடகைக்கு வரும் வண்டியிலும் கிராஸும் உறையும் சரியாக இருக்கிறதா என்று வேலை தொடங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேளாண் அறிவியல் நிலையம்: திண்டுக்கல் மாவட்டத்துக்கு காந்திகிராமத்தில் உள்ளது. தொழில்நுட்ப ஆலோசனைக்கு அணுகலாம்.

கிசான் அழைப்பு மையம்: 1800-180-1551. கட்டணமில்லா எண்.

அடிக்கடி கேட்கப்படும் சந்தேகங்கள்

டப்பாவின் மேலே எண்ணெய் தேங்கி நிற்கிறது. கெட்டுப்போச்சா?
கொஞ்சமாக இருந்தால் இயல்புதான். சுத்தமான குச்சியால் கலக்கிப் பயன்படுத்தலாம். நிறைய எண்ணெய் பிரிந்து, அடியில் இறுகிக் கிடந்தால் பயன்படுத்த வேண்டாம்.

கலப்பைக் கொழுவுக்குக் கிரீஸ் தடவலாமா?
வேலை நேரத்தில் தேவையில்லை, மண்தான் ஒட்டும். பருவம் முடிந்து ஷெட்டில் நிறுத்தும்போது, கழுவிக் காயவைத்து மெல்லியதாகத் தடவினால் துரு பிடிக்காது.

பழைய இன்ஜின் ஆயிலைக் கிரீஸுக்குப் பதில் ஊற்றலாமா?
வேண்டாம். அதில் உலோகத் துகளும் கரியும் இருக்கும். பேரிங்கில் நிற்கவும் நிற்காது. கழிவு எண்ணெய் அபாயகரமான கழிவு என்று 2016-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. கிணற்றுப் பக்கமோ வாய்க்காலிலோ ஊற்றாமல் தனி கேனில் சேர்த்து வைத்து, அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடம் சேரும்படி சர்வீஸ் சென்டரில் கொடுங்கள்.

கையில் ஒட்டிய கிரீஸை டீசலில் கழுவலாமா?
தோலுக்குக் கெடுதல். முதலில் துணியால் துடைத்து, கொஞ்சம் சமையல் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

பேரிங் போகப் போகிறது என்று முன்கூட்டியே தெரியுமா?
தெரியும். ஓடி வந்து நிறுத்தியதும் இரண்டு முன் ஹப்களின் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகச் சூடாக இருந்தால் அங்கே கோளாறு. ஜாக்கியில் தூக்கிச் சுற்றும்போது கரகர சத்தம் வந்தாலோ, மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டம் இருந்தாலோ, மார்க்கெட்டுக்கு ஏற்றும் முன் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

நாளைக் காலையில் செய்ய ஒரு வேலை

நாளைக் காலையில் வண்டியை எடுக்கும் முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். வீட்டில் இருக்கும் கிரீஸ் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்: என்ன எண், என்ன சோப்பு, ஈ.பி. உண்டா? பிறகு ஒரு துணியோடு வண்டியைச் சுற்றி வந்து நிப்பிள்களை எண்ணுங்கள். கையேட்டில் சொன்ன எண்ணிக்கையும் நீங்கள் எண்ணியதும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். சேற்றுக்கு அடியில் ஒளிந்துகொண்டு, பல மாதங்களாக யாரும் கிரீஸே அடிக்காத ஒரு நிப்பிளாவது கிடைத்தால் ஆச்சரியப்பட வேண்டாம். முதலில் அதைத் துடைத்துவிட்டு அடியுங்கள்.